எண்ணப்படாத இரண்டு சுற்றுகள்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் மோட்டார்ப் பந்தய வீரர் ஒருவரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், அன்பர் சிலர் புன்முறுவல் செய்தல் கூடும். யாப்பும் அணியும் கற்பிப்பவனுக்கு எஞ்சினும் எண்ணெயும் எங்ஙனம் உறவாயின என்று வினவுதலும் கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நம் பழங்கதைகளிலே சாரதிகளுக்கு உயர்ந்த இடமுண்டு என்பதை அவ்வன்பர்கள் மறத்தலாகாது. நளன் வாகுகனாய் உருமாறி இருதுபன்னனுக்குத் தேரோட்டிய கதை நம் மாணவர் அறிந்தது. அக்கதையிலே தேர் செலுத்தும் வித்தையை நளன் கொடுக்க, தான்றி மரத்துக் காய்களை நோக்கிய மாத்திரத்தே எண்ணிச் சொல்லும் வித்தையை அரசன் அவனுக்குக் கொடுத்தான். ஓட்டுதலும் எண்ணுதலும் ஒன்றுக்கொன்று ஈடாயின. இன்று நான் சொல்லப் புகும் சரித்திரமும் செவ்வனே ஓட்டிய ஒருவரையும், செவ்வனே எண்ணத் தவறிய சிலரையும் பற்றியதே.

நான் வாழும் ஹுன்னஸ்கிரிய, கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. தெல்தெனியவைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளிலே ஏறிவரும் அச்சாலை, உடுதும்பறைக்கு அப்பாற் சென்று, பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற கொண்டையூசித் திருப்பங்களாய்ச் சமவெளிக்கு இறங்குகின்றது. மழைக்காலத்து மூடுபனியிலே அவ்வளைவுகளிற் பஸ் வண்டியையும் லொறியையும் செலுத்துவோரின் கைத்திறனைக் கண்டு வளர்ந்தவர்கள் எம் மாணவர்கள். ஆதலின், சாரதி என்ற சொல்லுக்கு அவர்கள் உள்ளத்திலே ஒரு தனி மதிப்பு உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பற்றி அவர்கள் ஆர்வத்தோடு பேசுவர். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய பந்தயம் அது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையே பின்னாளிற் பந்தயத் திடலாகிப் பல்லாண்டு புகழ்பெற்றிருந்ததையும் அறிந்தோர் உளர். அத்தகைய மாணவன் ஒருவன், அமெரிக்கத் தென்மாநிலங்களின் குறுவட்டப் பந்தயங்களைப் பற்றி ஒருநாள் என்னிடம் கேட்டான். அவனுக்கு விடை கூறுவதற்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் வெண்டெல் ஸ்கொட் என்னும் பெயரைக் கண்டேன். கண்டபின் அப்பெயர் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு என் சொந்த வாழ்விலும் ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியிலே கூறுவேன்.

முதற்கண் அப்பந்தயத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். மலையேற்றப் பந்தயத்திலே ஒவ்வொரு காரும் தனித்தனியே ஏறும், கடிகாரமே எதிரி. குறுவட்டப் பந்தயத்திலோ இருபது முப்பது கார்கள் ஒருங்கே புறப்பட்டு, அரை மைல் அளவே கொண்ட முட்டை வடிவத் திடலை நூறு முறையும் இருநூறு முறையும் சுற்றிவரும். திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கமே. அக்காலத்துத் திடல்களிற் பல மண் திடல்கள். செம்மண்ணிலே கார் வழுக்கும். திருப்பத்திலே பின்சக்கரங்கள் புறத்தே சறுக்க, சாரதி அச்சறுக்கலையே ஒரு கருவியாகக் கொண்டு காரைத் திருப்புவார். கார்களும் கடையிலே எவரும் வாங்கக்கூடிய வகையினவே. உள்ளே இரும்புக் குழாய்களாற் கூடு கட்டி வலுப்படுத்தி, எஞ்சினைச் செப்பம் செய்து ஓட்டுவர். இப்பந்தயங்களை ஓர் ஒழுங்கின்கீழ்க் கொணர்வதற்காக 1948ஆம் ஆண்டிலே பில் பிரான்ஸ் என்பவரின் தலைமையில் நாஸ்கார் என்னும் அமைப்பு உருவாயிற்று.

இத்தகைய பந்தயத்திலே கண்ணாற் காண்பது எப்போதும் உண்மையாகாது. திடல் குறுகியது, கார்கள் பல. வேகமாகச் செல்பவர் மெதுவாகச் செல்பவரை ஒரு சுற்று, இரு சுற்று என முந்திக்கொண்டே இருப்பர். சற்று நேரத்தில் எவர் முன்னே, எவர் பின்னே என்பது பார்வையாளருக்குப் புலப்படாது. உமக்கு முன்னே செல்லும் கார் உண்மையில் உமக்கு ஒரு சுற்றுப் பின்தங்கியதாகவும் இருக்கலாம். ஆதலின் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அமர்ந்து, அக்கார் கோட்டைக் கடக்குந்தோறும் கடிகார நேரத்தைத் தாளிலே குறித்து வருவர். வெற்றியைத் தீர்மானிப்பது அத்தாள்தான். சாரதியின் இரண்டு கைகளும் எவ்வளவு வல்லனவாயினும், அவருடைய வெற்றி மூன்றாவது ஒரு கையில், எழுதுகோல் பிடித்த கையில் இருந்தது.

வெண்டெல் ஸ்கொட் 1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரிலே பிறந்தார். புகையிலையும் பருத்தி ஆலையும் அந்நகரின் இரு கண்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865ஆம் ஆண்டு ஏப்பிரலில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டரசு தன் கடைசித் தலைநகராகச் சில நாள் கொண்டிருந்த ஊரும் அதுவே. அத்தகைய ஊரிலே கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்கு இருந்த வழி, ஆலையிலோ புகையிலைக் களஞ்சியத்திலோ மேலாளர் ஒருவரின் கீழ் ஆயுள் முழுதும் வேலை செய்தல். அவ்வழி தமக்கு வேண்டாம் என்று அவர் இளமையிலேயே உறுதி கொண்டார். தந்தையார் செல்வர் வீடுகளிலே கார் ஓட்டியும் செப்பனிட்டும் பிழைத்தவர். இயந்திரத்தின் மொழியைத் தந்தையிடமே மகன் கற்றார். சைக்கிளில் வெள்ளைச் சிறுவர்களோடு போட்டியிட்டு ஓடுவதும் அவருக்கு வழக்கமாயிருந்தது.

பள்ளிப் படிப்பை இடையே நிறுத்தி வாடகைக் கார் ஓட்டினார். 1943ஆம் ஆண்டில் மேரி கோல்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். இரண்டாம் உலகப் போரிலே படைவீரராய் ஐரோப்பாவுக்குச் சென்றார். அக்காலத்து அமெரிக்கப் படையிற் கறுப்பினத்தவர்க்கு வேறு பிரிவு, வெள்ளையர்க்கு வேறு பிரிவு. நாடு ஒன்று, பகைவன் ஒருவன், உண்ணும் இடமும் உறங்கும் இடமும் வேறு. போரிலிருந்து மீண்டு டான்வில்லிலே கார் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்தினார். குழந்தைகள் எழுவர் பிறந்தனர். கராஜின் வருவாய் குடும்பத்துக்குப் போதாமையால், இரவுகளிலே கள்ளச்சாராயம் ஏற்றிச் செல்லும் தொழிலும் செய்தார். நம் ஊர் வழக்கிலே சொன்னால் கசிப்புக் கடத்தல். அது தவறான தொழில் என்பதை மறைத்தெழுத நான் விரும்பவில்லை. அம்மாநிலங்களின் முதற் பந்தய வீரர்களிற் பலரும், வெள்ளையர் உட்பட, பொலிசாரை முந்தி இருட்டிலே மலைப்பாதைகளில் ஓடித்தான் கார் ஓட்டக் கற்றனர். 1949ஆம் ஆண்டில் ஸ்கொட் பிடிபட்டார். சிறைக்கு அனுப்பப்படாமல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

அவர் பந்தயத்துக்கு வந்த கதை விசித்திரமானது. 1952ஆம் ஆண்டிலே டான்வில் திடலின் பந்தய ஏற்பாட்டாளர்கள் கூட்டம் குறைவதைக் கண்டு, கறுப்பினச் சாரதி ஒருவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்க மக்கள் திரளுவர் என்று கணக்கிட்டனர். ஊரிலே வேகமாய் ஓட்டும் கறுப்பினத்தவர் யார் என்று அவர்கள் விசாரித்தது பொலிசாரிடம். துரத்திப் பிடிக்க முடியாமற் பலமுறை திரும்பி வந்த பொலிசார் ஸ்கொட்டைச் சுட்டினர். அவ்வாண்டு மே 23ஆம் திகதி அவர் முதன்முறையாகத் திடலில் இறங்கினார். பார்வையாளர் சிலர் ஏளனக் கூச்சலிட்டனர். காரும் இடையிலே பழுதுற்று நின்றது. ஆயினும் ஏற்பாட்டாளர்கள் வேடிக்கைப் பொருளாக அழைத்த மனிதருக்கு, தம் வாழ்வின் பொருள் இதுவே என்று அன்றே விளங்கிவிட்டது.

மறுநாளே காரைச் செப்பனிட்டு, வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலம் நகரில் நாஸ்கார் நடத்திய பந்தயத்துக்குச் சென்றார். நிறத்தைக் கண்டு அனுமதி மறுத்தனர். சில நாட்களில் வேறொரு திடலுக்குச் சென்றார். காரை வேண்டுமானால் ஏற்கலாம், அதனை ஓட்ட வெள்ளையர் ஒருவரை அமர்த்துக என்றனர். தம் கையாற் கட்டிய காரைப் பிறர் ஓட்டத் தாம் கரையில் நின்று காண அவர் உடன்படவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணீர் வடித்தார் என்பர். ஆனால் அழுதவர் அத்தோடு நின்றுவிடவில்லை. நாஸ்காரை விட்டு, தம்மை ஏற்றுக்கொண்ட சிறு அமைப்புகளின் பந்தயங்களுக்குச் சென்றார். முதற் பந்தயம் ஓடிப் பன்னிரண்டே நாட்களில் லிஞ்ச்பர்க் நகரிலே முதல் வெற்றியைப் பெற்றார்.

அதன்பின் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், சில வாரங்களில் ஐந்து பந்தயங்கள் வரை ஓடினார். வேண்டுமென்றே அவர் காரை இடித்துத் தள்ளியவர்கள் இருந்தனர். தம் காரை அவர் செப்பனிடும் நேர்த்தியையும், தோல்வியிற் கலங்காத அமைதியையும் கண்டு நண்பரான வெள்ளைச் சாரதிகளும் இருந்தனர். இரண்டையும் சொல்லுதலே முறை. 1950களின் நடுவே, ரிச்மண்ட் திடலிலே கடமையாற்றிய நாஸ்கார் அலுவலர் ஒருவர், வரப்போகும் துன்பங்களை எடுத்துக்கூறி எச்சரித்த பின்னும் ஸ்கொட் உறுதியாய் நின்றதால், தம் பொறுப்பிலேயே அவருக்கு உரிமம் வழங்கினார். மேலிடத்தில் அது விரும்பப்படவில்லை. ஆயினும் கொடுத்தது கொடுத்ததே. நாஸ்காரின் தலைவர் பில் பிரான்சை அவர் முதன்முறை கண்டதும் அக்காலத்திலேதான். வெள்ளைச் சாரதிகளுக்கெல்லாம் எரிபொருட் செலவுக்குப் பணம் கொடுத்த ஏற்பாட்டாளர் ஒருவர் தமக்கு மட்டும் மறுத்ததை ஸ்கொட் முறையிட்டார். பிரான்ஸ் தம் சட்டைப் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்து, தம் அமைப்பிலே நிறம் பார்க்கப்படமாட்டாது என்று உறுதியளித்தார். இவ்வாக்குறுதியை வாசகர் நினைவிற் கொள்க.

1959ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்தின் நாஸ்கார் இரண்டாந்தரப் பிரிவிலே முதன்மை வீரர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1961ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் திடலிலே நாஸ்காரின் உயர்நிலைப் பிரிவில் ஓடத் தொடங்கினார். அப்போது வயது முப்பத்தொன்பது. பிறர் ஓய்வை எண்ணும் பருவத்தில் இவர் தொடங்கினார். எதிரே நின்றவர்கள் பெருந்தொழிற்சாலைகளின் பணமும் புதிய எஞ்சினும் பெற்றவர்கள். இவருடைய உதவியாளர்கள் பிள்ளைகள். இவருடைய உதிரிப் பாகங்கள் பிறர் பயன்படுத்திக் கழித்தவை. சில பந்தயங்களிலே இடையில் நிறுத்தும்போது, தாமே காரிலிருந்து குதித்துச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறி ஓட்டினார். செல்லும் ஊர்களிலே உணவகத்தில் இருக்கை கிடையாது. விடுதியில் அறை கிடையாது. வீட்டிலிருந்து கட்டிச் சென்ற உணவு; வண்டியிலே உறக்கம்.

1963ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்க வரலாற்றிலே கொதிப்பு மிக்க ஆண்டு அது. ஜூன் 10ஆம் திகதி ஸ்கொட்டின் சொந்த ஊராகிய டான்வில்லிலே சமவுரிமை கேட்டு அறவழியிற் கூடிய கறுப்பின மக்களைப் பொலிசார் தடியால் அடித்து, தண்ணீர்க் குழாய்களைப் பாய்ச்சிக் கலைத்தனர். ஓகஸ்ட் 28ஆம் திகதி வாஷிங்டனிலே மாட்டின் லூதர் கிங் இலட்சக்கணக்கானோர் முன் உரையாற்றினார். நவம்பர் 22ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பதாம் நாள், டிசெம்பர் 1ஆம் திகதி, புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரின் அரை மைல் மண் திடலிலே இருநூறு சுற்றுப் பந்தயம் நடந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் உணவகத்திலே இருக்கை கேட்ட கறுப்பின இளைஞர்களைக் கோடரிக் காம்புகளால் அடித்த நகரம் அது.

நெட் ஜாரட் என்னும் சக வீரரிடம் விலைக்கு வாங்கிய செவ்ரோலே காரிலே, 34ஆம் இலக்கத்தைத் தாங்கி ஸ்கொட் ஓடினார். புறப்படும்போது பதினைந்தாம் இடம். கார்கள் ஒவ்வொன்றாய்ப் பழுதுற்று விலகின. பழைய பாகங்களாலான தம் காரை அதன் எல்லை அறிந்து ஓட்டும் பொறுமை ஸ்கொட்டிடம் இருந்தது. இன்னும் இருபத்தைந்து சுற்றுகளே எஞ்சியிருந்தபோது, கார் நோயுற்று வேகம் குன்றிய றிச்சட் பெற்றியை அவர் முந்தினார். பெற்றி அக்காலத்து இளவரசர். பின்னாளிலே அப்பந்தயத்தின் மன்னர் என்றே அழைக்கப்பட்டவர். அவரையும் கடந்தபின் ஸ்கொட்டுக்கு முன்னே எவரும் இல்லை.

இருநூறாவது சுற்று முடிந்தது. வெற்றியை அறிவிக்கும் கட்டக்கொடி அசையவில்லை. ஸ்கொட் மேலும் ஒரு சுற்று ஓடினார். அசையவில்லை. இன்னும் ஒன்று ஓடினார். இருநூற்றிரண்டு சுற்று முடிந்தபின், அவருக்கு இரண்டு சுற்றுப் பின்தங்கி வந்த பக் பேக்கருக்குக் கொடி காட்டப்பட்டது. பேக்கர் புகழ்பெற்ற வீரர். அவரே வெற்றி மேடைக்குச் சென்றார், கிண்ணத்தைப் பெற்றார், புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. தாமே வென்றதை ஸ்கொட் அறிவார். வண்டிக்குள் இருந்தபடி சுற்றுகளை எண்ணியவர் அவர். நளனுக்குக் கிடைத்த இரு வித்தைகளும் அவரிடம் இருந்தன. முறையிட்டார். தாள்களை மீண்டும் பார்க்கும்படி கேட்டார். சில மணி நேரம் சென்றது. கூட்டம் கலைந்தது. விளக்கம் வந்தது: எண்ணியதிலே பிழை நேர்ந்துவிட்டது, வென்றவர் ஸ்கொட்டே. முதற்பரிசாகிய ஆயிரம் டொலர் வழங்கப்பட்டது. கிண்ணம் ஏற்கெனவே போய்விட்டது. கைதட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

எண்ணியதிலே நேர்ந்த பிழைதானா அது? மேடையிலே வெற்றியாளரை முத்தமிட்டு வாழ்த்தும் அழகியொருத்தி நின்றாள். வெள்ளைப் பெண் கறுப்பின ஆடவரைப் பலர் முன்னிலையில் முத்தமிடும் காட்சியை அந்நகரம் பொறுக்காது. அதனாலேயே கூட்டம் கலையும்வரை உண்மையைத் தாமதித்தனர் என்று ஸ்கொட்டும் அவர் குடும்பத்தாரும் நம்பினர். பின்வந்தோர் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். ஒரு சுற்றுப் பிழைத்தால் கைப்பிழை என்னலாம். இரண்டு சுற்றுப் பிழைத்து, அப்பிழையும் கூட்டம் கலைந்த பின்னரே கண்டுபிடிக்கப்பட்டதாயின், அதனைக் கைப்பிழை என்பதற்கு என் மனம் உடன்படவில்லை. நான்கு வாரம் கழித்து ஜோர்ஜியாவின் சவானா நகரிலே சிறு மரக்கிண்ணம் ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதிலே பெயரும் பொறிக்கப்படவில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. ஆராயாது தீர்ப்பளித்தான், சிலம்பின் பரல் தெறித்து வீழ்ந்து உண்மை வெளிப்பட்டபோது, அவையோர் அனைவரும் காண, தன் பிழையை ஏற்று அங்கேயே உயிர் விட்டான். பிழை செய்தானே எனினும் உண்மையை மறைவிடத்திலே ஒப்புக்கொள்ளவில்லை. பொய்த்தீர்ப்பு எத்தனை பேர் முன்னே உரைக்கப்பட்டதோ அத்தனை பேர் முன்னே மெய்த்தீர்ப்பும் உரைக்கப்பட வேண்டும் என்பது அக்காட்சியிலே நான் காணும் நீதி. ஜக்சன்வில்லிலே பொய்க்குக் கூட்டம் இருந்தது. மெய்க்குக் கூட்டம் இல்லை.

ஸ்கொட் ஓடுவதை நிறுத்தவில்லை. தொடர்ந்து ஓடினார், மறுவருடமும் ஓடினார். 1964ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. சட்டம் உணவகங்களின் கதவைத் திறந்தது. தொழிற்சாலைகளின் பணப்பெட்டியைத் திறக்கவில்லை. பெரிய நிறுவனம் எதுவும் அவருக்கு முழு ஆதரவு தரவில்லை. அவ்வறுமையோடேயே 1966ஆம் ஆண்டில் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடத்தைப் பெற்றார். தொடர்ந்து மூன்றாண்டுகள் முதற் பத்து இடங்களுக்குள் நின்றார். உயர்நிலைப் பிரிவிலே மொத்தம் 495 பந்தயங்கள் ஓடினார். அவற்றுள் 147 முறை முதற் பத்து இடங்களுள் வந்தார். இருபது முறை முதல் ஐந்தினுள் வந்தார். வெற்றி ஒன்றே. அவ்வொன்றும் உரிய நேரத்திலே அறிவிக்கப்படாதது.

காலமும் மாறிற்று. 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதிக்குப் பின் உயர்நிலைப் பிரிவு மண் திடல்களை விட்டு நீங்கியது. அரை நூற்றாண்டு கழித்து 2021ஆம் ஆண்டிலேதான் மீண்டும் மண்ணுக்கு வந்தது. நெடிய, செங்குத்தாய்ச் சரிந்த பெருந்திடல்களிலே பணமே வேகமாயிற்று. 1973ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி, அலபாமாவின் டலடேகாப் பெருந்திடலிலே, கடன் பட்டு வாங்கிய மேர்க்குரிக் காரோடு ஸ்கொட் ஓடினார். இருபதளவு கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெருவிபத்திலே அவரும் சிக்கினார். விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன, கால்களும் காயமுற்றன. அவ்வாண்டு ஒக்டோபரிலே சார்லட் திடலில் ஒருமுறை மட்டும் மீண்டும் ஓடிப் பன்னிரண்டாம் இடம் பெற்று, ஐம்பத்திரண்டாம் வயதிலே விடைபெற்றார். பின் டான்வில்லிலே தம் கராஜுக்குத் திரும்பினார். 1977ஆம் ஆண்டில் அவர் வாழ்வைத் தழுவி ஒரு திரைப்படமும் வெளிவந்தது. 1990ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி, முதுகுத்தண்டுப் புற்றுநோயால் அறுபத்தொன்பதாம் வயதிற் காலமானார். ஜக்சன்வில் கிண்ணத்தை அவர் கண்ணாற் காணவே இல்லை.

புகழ் பின்னர் வந்தது. டான்வில்லிலே ஒரு வீதி அவர் பெயரைத் தாங்குகின்றது. 2010ஆம் ஆண்டில் ஜக்சன்வில்லின் பந்தய அன்பர்கள் அக்கிண்ணத்தின் பிரதி ஒன்றைக் குடும்பத்தாருக்கு வழங்கினர். 2015ஆம் ஆண்டில் நாஸ்காரின் புகழ்மண்டபத்திலே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கு இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, அவரது நூறாவது பிறந்தநாளின் முந்திய தினத்திலே, புளோரிடாவின் டேட்டோனாத் திடலில் மக்கள் காண, நாஸ்கார் அவருடைய குடும்பத்தாரிடம் கிண்ணமொன்றை ஒப்படைத்தது. பில் பிரான்ஸ் அளித்த வாக்குறுதியின் ஒரு பகுதியேனும் நிறைவேற, அவ்வெற்றிக்குப் பின் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதே ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி, ஸ்கொட்டின் எலும்பை முறித்த அதே டலடேகாத் திடலில், பப்பா வொலஸ் என்னும் இளைஞர் வென்றார். உயர்நிலைப் பிரிவிலே ஸ்கொட்டுக்குப் பின் வென்ற முதற் கறுப்பினத்தவர் அவர்.

மலையகத்திலே வாழும் நமக்கு இச்சரித்திரம் முற்றும் அந்நியமானதன்று. நாஸ்கார் உருவான அதே 1948ஆம் ஆண்டிலேதான், இந்நாட்டுத் தேயிலைச் செடிகளுக்குத் தலைமுறை தலைமுறையாய் உழைத்த நம் மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமைச் சட்டம் கணக்கிலிருந்து நீக்கியது. அக்கணக்கைச் சீர்செய்யும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு நிறைவுற்றன. அதற்குள் ஓடி முடித்தவர்கள் எத்தனை பேர்! பேரப்பிள்ளையின் கையிலே கொடுக்கப்பட்ட சான்றிதழைப் பாட்டனார் காணவில்லை. பிந்திய நீதி நீதியே. அதனை நான் இகழவில்லை. ஆனால் அது முந்திய அநீதியை இல்லாததாக்கிவிடாது.

இனி, தொடக்கத்திலே ஒத்திவைத்த செய்தி. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது கற்பித்த பாடசாலையின் விளையாட்டுப் போட்டியிலே நெடுந்தூர ஓட்டத்துக்குச் சுற்று எண்ணும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மைதானம் சிறியது, எட்டுச் சுற்று ஓடவேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், காலிலே சப்பாத்தின்றி, எல்லாரையும் ஒரு சுற்று முந்தி வந்துகொண்டிருந்தான். வகுப்பிலே பின்வரிசையில் இருப்பவன் அவன். ஓட்டத்திலும் பின்தங்கியே வருகின்றான் என்று என் மனம் தானே முடிவு செய்துகொண்டது. அவன் கோட்டைக் கடந்தபோது எனக்கு அருகே ஓடியவனே முதல்வன் எனக் கை காட்டினேன். கிண்ணம் அவனுக்குப் போயிற்று. அன்றிரவு விளக்கடியிலே குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது, என் கையாலேயே இட்ட கோடுகள் என்னைப் பார்த்தன. கை சரியாகவே குறித்திருந்தது. கண்தான் அதனை நம்பவில்லை.

மறுநாள் அதிபரிடம் உண்மையைச் சொன்னேன். சான்றிதழ் திருத்தி எழுதப்பட்டது. காலைக் கூட்டத்திலே எல்லார் முன்னும் வழங்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று. ஆயினும் என் பிழை பிறர் அறிய வெளிப்படுமே என்ற கூச்சத்தால் அதனை வாய்விட்டுக் கேட்கவில்லை. அலுவலக அறையிலே, நானும் அதிபரும் மட்டும் இருக்க, அவன் அதனைப் பெற்றுக்கொண்டான். இரு கையாலும் வாங்கினான், வணங்கினான், ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு பாடசாலைக்கே வரவில்லை. ஸ்கொட்டைப் போலத் தொடர்ந்து ஓடும் உறுதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எல்லாரிடமும் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

திருக்குறளிலே நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். அதனைக் கற்பிக்கும் நாளிலே முன்பெல்லாம் தராசைப் பற்றி விளக்கிவிட்டு அமைவேன். இப்பொழுது டான்வில் நகரத்துக் கார்த் திருத்துநர் ஒருவரின் கதையையும் மாணவருக்குச் சொல்லுகின்றேன். அதன்பின் அக்குறிப்புப் புத்தகத்தின் கதையையும், அன்று கேட்கக் கூசியதை இன்று வகுப்பு முழுதும் கேட்கச் சொல்லுகின்றேன். புள்ளியிடுவோரும் எண்ணுவோரும் தீர்ப்பளிப்போரும் நாளை அவர்களிலிருந்தே தோன்றுவர். விளையாட்டுப் போட்டி நாட்களிலே சுற்று எண்ணும் பொறுப்பை நானே கேட்டு வாங்குகின்றேன். ஓடுபவர் முகத்தை நோக்குவதில்லை. இலக்கத்தை மட்டுமே நோக்குகின்றேன்.